ஜேம்ஸ் வாட்டைக் காக்க வைத்த உருளை

கணபதிக் கடைசல் எழுதியது:

கோவை கணபதியில் 26 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்துகிறேன். போன வாரம் ஒரு பம்ப் உறை போரிங்குக்கு, அதாவது துளையைக் கடைந்து அளவாக்க, வந்தது. வார்க்கும்போதே கோர், அதாவது துளைக்காக அச்சுக்குள் வைக்கும் மண் உரு, விலகியிருக்கிறது. ஒரு பக்கம் சதை (உலோகத்தின் தடிப்பு) அதிகம், எதிர்ப்பக்கம் குறைவு. துளையின் ஆழமோ ஒரு சாணுக்கு மேல். நுனியில் வெட்டி பொருத்திய கம்பியான போரிங் பாரை அவ்வளவு தூரம் வெளியே நீட்டிப் பிடித்து ஓட்டினால், சதை அதிகமுள்ள இடம் சுற்றி வரும்போதெல்லாம் பார் ஒதுங்குகிறது. சதை குறைந்த இடம் வந்ததும் நிமிர்ந்துகொள்கிறது. கண்ணால் பார்க்க முடியாது, காதுக்குத் தெரியும்: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல். கடைசி வெட்டை முடித்து டயல் கேஜை உள்ளே விட்டேன். முள் 0.06 மில்லிமீட்டர் ஆடியது. வார்ப்பில் இருந்த கோணல், அளவில் சுருங்கித் துளைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

என்னிடம் தொழில் பழகும் பையன், "இவ்வளவு பெரிய இரும்புக் கம்பி கூடவா வளையும்?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லப்போய், பேச்சு ஜேம்ஸ் வாட்டில் போய் நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நியூகோமன் என்ற ஆங்கிலேயரின் நீராவி இயந்திரம் 1712-லேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உருளையைச் சூடாக்கி, உடனே தண்ணீர் தெளித்துக் குளிரவைக்க வேண்டும் என்பதால் நிலக்கரியை வாரி விழுங்கியது. நீராவியைத் தனிக் கலத்துக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்ற எண்ணம் வாட்டுக்கு 1765-ல் வந்தது. காப்புரிமை 1769-ல் கிடைத்தது. ஆனால் முழு அளவு இயந்திரம் வேலைக்கு இறங்கியது 1776-ல். இடையில் பதினோரு ஆண்டுகள்!

பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் நடுவே நீராவி கசிந்தது. நியூகோமன் இயந்திரத்திலும் உருளை கோணல்தான். ஆனால் அங்கே பிஸ்டன் தலைமேல் தண்ணீரைத் தேக்கிவைத்து இடைவெளியை அடைத்துவிடலாம். வாட்டுக்கு அந்த வழி இல்லை. தண்ணீர் உள்ளே இறங்கினால் உருளை குளிர்ந்துவிடும். அவர் கண்டுபிடித்ததற்கே பொருள் இல்லாமல் போகும். தக்கை, எண்ணெய்த் துணி, சணல் என்று எதையெதையோ திணித்துப் பார்த்தார். பழைய இயந்திரம் பொறுத்துக்கொண்ட கோணலை, அதைவிடச் சிறந்த இயந்திரத்தால் பொறுக்க முடியவில்லை. நான் பலமுறை நினைத்துப் பார்க்கும் இடம் இது.

அந்தக் கோணலை நீக்கியவர் ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர். டிப்டனில் நிறுவிய 50 அங்குல உருளையில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மேல் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் மகிழ்ந்து எழுதினார். இன்று அந்தப் பிழையோடு ஒரு வேலையை என் பட்டறையிலிருந்து அனுப்பினால் திரும்பி வந்துவிடும். அன்று அது தொழிலுலகத்தின் கதவைத் திறந்தது.

என் கருத்து இதுதான்: ஓர் எண்ணத்தைப் பொருளாக்கும் இயந்திரம் பிறக்கும்வரை அந்த எண்ணம் காத்துக்கொண்டே இருக்கும். நம் பள்ளிப் பாடங்களில் வாட் இருக்கிறார். வில்கின்சன் இல்லை. இது பெரிய குறை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பட்டறை வாத்தியார் எழுதியது:

பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டுகள் பட்டறைப் பாடம் நடத்தியவன் நான். கணபதியாரின் பதிவைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஒரு திருத்தமும் ஒரு விளக்கமும் சொல்ல வேண்டும்.

திருத்தம்: வில்கின்சனின் 1774 காப்புரிமை பீரங்கிக்கானது. கெட்டியாக வார்த்த பீரங்கியைச் சுழலவிட்டு, வெட்டியைச் சுழலாமல் உள்ளே செலுத்தும் முறை அது. உருளைக்கு 1775 வாக்கில் அவர் அமைத்தது வேறொரு பொறி. பல நூல்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. இன்னொன்று, பதினோரு ஆண்டுத் தாமதத்துக்கு உருளை மட்டும் காரணம் இல்லை. வாட்டுக்குப் பணம் கொடுத்துவந்த ஜான் ரோபக் நொடித்துப்போனார். வாட் பிழைப்புக்காகக் கால்வாய் அளக்கப் போனார்.

விளக்கம்: வில்கின்சனுக்கு முன்பே ஸ்காட்லாந்தின் காரன் இரும்பாலையில் ஜான் ஸ்மீட்டன் அமைத்த துளைப்பொறி இருந்தது. அதில் வெட்டுத்தலை ஒரு நீண்ட தண்டின் நுனியில் இருக்கும். தண்டுக்கு மறுமுனையில் மட்டுமே பிடிப்பு. நுனி தன் எடையால் தாழும், வார்ப்பு எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே அதைத் தொடர்ந்து போகும். கணபதியார் காதால் கேட்ட முனகல் அதுதான். வில்கின்சன் தண்டை உருளையின் இந்த வாயிலிருந்து அந்த வாய்வரை நீட்டி, இரண்டு முனைகளிலும் தாங்கு கொடுத்தார். உருளை அசையாமல் நின்றது. வெட்டுத்தலை தண்டின் மேலேயே நகர்ந்தது. அதன்பின் வெட்டி வார்ப்பைப் பார்த்து நடக்கவில்லை, தண்டைப் பார்த்து நடந்தது.

பையனிடம் இதையும் சொல்லுங்கள்: ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும்.

சோழிங்கநல்லூர் நிரலர் எழுதியது:

அருமையான வரலாறு, ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. இது 18-ஆம் நூற்றாண்டின் கதை. இன்று புதுமை மென்பொருளில்தான் நடக்கிறது. இயந்திரம் என்பது ஏற்கெனவே தீர்க்கப்பட்ட கணக்கு. கணினியில் எண்களைக் கொடுத்து ஓட்டும் சி.என்.சி. இயந்திரம் வந்தபின் லேத்தில் நிற்பவருக்கு என்ன முடிவெடுக்க இருக்கிறது? எண்ணைக் கொடுத்தால் அது வெட்டுகிறது. உங்கள் தொழிலின் மீது மரியாதை வைத்தே கேட்கிறேன்.

கணபதிக் கடைசல் எழுதியது:

நண்பரே, என் பட்டறையில் இரண்டு சி.என்.சி. நிற்கின்றன. எண்ணைக் கொடுத்தால் வெட்டும், உண்மை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் திருகு தேய்ந்த இயந்திரம் தேய்ந்த இடத்தில் தவறாகத்தான் நிற்கும். போரிங் பார் வளைவதைக் கணினி தடுக்காது. மேலே நான் சொன்ன பம்ப் உறையை முதலில் சி.என்.சி.யில்தான் ஏற்றினேன். அங்கேயும் அதே முனகல்தான்.

பட்டறை வாத்தியார் எழுதியது:

சி.என்.சி. பிறந்த கதையே நிரலருக்குப் பதில் சொல்லும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவுக்கு வார்ப்புரு வெட்ட வேண்டும். வளைவின் மீது பல புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்த எண்களைப் படிக்கப் படிக்க, நீளவாட்டக் கைப்பிடியை ஒருவரும் குறுக்குவாட்டக் கைப்பிடியை இன்னொருவரும் திருப்பினார்கள். அந்தக் கைகளின் வேலையை மோட்டார்களிடம் கொடுக்கலாமே என்ற எண்ணம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) ஆய்வகத்துக்குப் போய், 1952-ல் எண்வழி இயங்கும் மில்லிங் இயந்திரமாக வெளியே வந்தது. வெற்றிடக் குழாய்கள் நிறைந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்தில் நின்றது வழக்கமான மில்லிங் இயந்திரம்தான்.

அதன்பின் வந்த சிக்கல்தான் முக்கியம். சாதாரணத் திருகில் மரைக்கும் நட்டுக்கும் இடையே ஆட்டம் இருக்கும். அனுபவமுள்ள ஆள் கைப்பிடியைத் திருப்பும்போது, திசை மாறும் இடத்தில் அந்த ஆட்டத்தைக் கையாலேயே உணர்ந்து எடுத்துவிடுவார். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. ஆகவே மரைக்குள் எஃகுக் குண்டுகள் உருண்டோடும் பால் ஸ்க்ரூ இல்லாமல் சி.என்.சி. இன்றைய நிலைக்கு வந்திருக்க முடியாது. மென்பொருள் கட்டளையிடுகிறது; அந்தக் கட்டளையை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்குள் நிறைவேற்றுவது குண்டும் திருகும் வழித்தடமும்.

தொழிற்பயிற்சி மாணவன் எழுதியது:

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் லேத்தில் 127 பல் உள்ள சக்கரம் ஒன்று தனியாக மாட்டிவைத்திருக்கிறது. மில்லிமீட்டர் மரை வெட்டும்போது மட்டும் அதைப் போடச் சொல்கிறார்கள். ஏன் 127? கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறார்கள்.

கணபதிக் கடைசல் எழுதியது:

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டாயே, நீ நன்றாக வருவாய். உங்கள் லேத்தில் டூலை நகர்த்தும் நீண்ட திருகு, அதாவது லீட் ஸ்க்ரூ, அங்குலக் கணக்கில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை முழு எண்ணாக்க ஐந்தால் பெருக்கு: 127. அது பகா எண், ஆகவே அதைவிடச் சிறிய சக்கரங்களைச் சேர்த்து மிகச் சரியாகப் பெற வழியில்லை. அப்படி வெட்டும்போது மரை முடியும்வரை, லீட் ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கும் ஹாஃப் நட்டை விடாதே. ஒவ்வொரு முறையும் டூலைப் பின்னிழுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். விட்டுப் பிடித்தால் டூல் பழைய தடத்தில் விழாது, மரை நாசமாகிவிடும்.

உன் கை படும் அந்த அமைப்பு, அதாவது லீட் ஸ்க்ரூ, மாற்றுச் சக்கரங்கள், டூலைப் பிடித்து நகரும் ஸ்லைடு மூன்றையும் இரும்புச் சட்டத்தில் ஒருசேர அமைத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி மாட்ஸ்லி. 1800 வாக்கில் அவர் செய்த சிறிய லேத் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாட் இயந்திரத்துக்கு எப்படி நல்ல உருளையோ, அப்படி மற்ற எல்லா இயந்திரங்களுக்கும் நல்ல திருகு. ஒரு நல்ல திருகு இருந்தால் அதைக்கொண்டு இன்னொரு நல்ல திருகை வெட்டலாம், நல்ல அளவுகோலையும் செய்யலாம். மாட்ஸ்லி தம் மேசையில் வைத்திருந்த மைக்ரோமீட்டருக்கு 'லார்ட் சான்சலர்' என்று பெயர். சான்சலர் என்றால் அந்நாட்டின் தலைமை நீதிபதி மாதிரி. பட்டறையில் அளவுத் தகராறு வந்தால் அதன் சொல்லே கடைசித் தீர்ப்பு.

வலிகாமத்தான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மரை என்றதும் எனக்கு நடந்தது ஞாபகம் வருகிறது. எங்கள் தோட்டத்தில் அப்பா காலத்து இங்கிலாந்து டீசல் எஞ்சின் ஒன்று கிணற்றடியில் நிற்கிறது. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் அடித்தளத்து அரை அங்குல போல்ட் ஒன்று அறுந்தது. கடையில் அரை அங்குல போல்ட் கேட்டு வாங்கி வந்தேன். கையால் திருகினேன், இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போனது, பிறகு இறுகியது. துருவாக இருக்கும் என்று நினைத்துச் சாவியைப் போட்டுப் பலமாகத் திருகினேன். வார்ப்பிரும்பின் உள்மரை பொடிப்பொடியாக வெளியே வந்தது. அந்தத் துளையைப் பெரிதாக்கிப் புது மரை போட ஒரு நாள் முழுக்கப் போனது, வயல் காய்ந்து கிடந்தது. பிழை எங்கே என்று பிறகு பட்டறையில் சொன்னார்கள்: பழைய எஞ்சினில் இருப்பது விட்வொர்த் மரை, அங்குலத்துக்கு 12. நான் வாங்கியது அமெரிக்க மரை, அங்குலத்துக்கு 13. இரண்டுக்கும் தடிப்பு ஒன்றுபோல.

பட்டறை வாத்தியார் எழுதியது:

வலிகாமத்தாருக்கு நடந்தது உலகப் போரிலேயே நடந்திருக்கிறது. ஜோசப் விட்வொர்த் மாட்ஸ்லியிடம் வேலை கற்றவர். அவர் காலம்வரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. போல்ட் தொலைந்தால் செய்த பட்டறைக்கே போக வேண்டும். பல பட்டறைகளிலிருந்து திருகுகளைத் திரட்டி, ஒப்பிட்டு, 1841-ல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 பாகையைக் கொண்டுவந்தார், வெட்டுவதும் சரிபார்ப்பதும் எளிது என்ற காரணத்தோடு. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948-ல்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன.

நம் ஊரில் இன்றும் கொத்தனாரும் பிட்டரும் 'நாலு நூல் போல்ட்' என்கிறார்கள். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். நாலு நூலில் எந்த மரை என்று கேட்டு வாங்கும் பழக்கம் எல்லோருக்கும் வர வேண்டும். மூன்று நூலில் இரண்டு மரைக்கும் எண்ணிக்கை ஒன்றுதான், 16. கோணம் மட்டும் வேறு. சேர்ந்ததுபோலவே இருக்கும், பிடிப்பு மட்டும் குறைவாக இருக்கும். எனக்கு நாலு நூலைவிட இதுதான் அதிகப் பயம்.

நூற்பாலை மகள் எழுதியது:

எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஆட்களைப் பற்றிக் கேட்கிறேன். மாட்ஸ்லி பெயர் வந்ததால் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பித் தொழிற்சாலையையும் சொல்லியாக வேண்டும். பாய்மரக் கப்பலுக்குக் கயிறு இழுக்க மரக்கப்பிகள் வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். மார்க் பிரூனெல் வடிவமைத்து மாட்ஸ்லி செய்துகொடுத்த 45 இயந்திரங்கள் வந்தபின் 1808-ல் 1,30,000 கப்பிகள் செய்தார்கள். தேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையை, பழக்கமில்லாத 10 பேர் செய்தார்கள். எல்லாப் புத்தகமும் இதைப் பெருமையாகச் சொல்கிறது. மீதி நூறு பேர் எங்கே போனார்கள்?

என் அப்பா ஒரு நூற்பாலையில் கோன் சுற்றும் பிரிவில் இருந்தார். நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் விரலில் எடுத்து முடிச்சுப் போடுவார். கண் இமைக்கும் நேரம்தான். அந்த முடிச்சு ஊசியின் கண்ணிலும் போகும். தானே முடிச்சுப் போடும் இயந்திரம் வந்தது. அந்தப் பிரிவில் நான்கில் ஒருவருக்குத்தான் வேலை மிஞ்சியது. அப்பா அதன்பின் காவலாளி வேலைக்குப் போனார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவர் விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும். புதுமை என்று சொல்லும்போது அந்த விரல்களையும் கணக்கில் எடுங்கள், அண்ணா.

கணபதிக் கடைசல் எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டு நேற்று எழுத முடியவில்லை. உங்கள் அப்பா இழந்ததற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல முடியும். எங்கள் ஊரில் பட்டறைகள் பெருகியதே ஆலைகளால்தான். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. தேய்ந்த உதிரி உறுப்புக்காகக் கப்பலுக்குக் காத்திருக்க முடியாமல் உள்ளூரிலேயே கடையச் சொன்னார்கள். அப்படி உதிரி செய்யப் பழகிய கைகள்தான் பிறகு மோட்டாரும் பம்பும் செய்தன. என் தாத்தாவும் அப்படி வந்தவர். ஆனால் வேலை போன இடம் வேறு, வேலை வந்த இடம் வேறு. வேலை போனவருக்கே வேலை வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆலை நிர்வாகங்கள் உங்கள் அப்பா போன்றவர்களை அந்தப் புது இயந்திரத்தைப் பராமரிக்கப் பழக்கியிருக்க வேண்டும். நூல் எங்கே, ஏன் அறும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

சோழிங்கநல்லூர் நிரலர் எழுதியது:

பால் ஸ்க்ரூ பற்றி வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்தபின் என் பழைய பதிவின் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கணபதி அண்ணாவின் முதல் கருத்துக்கு எதிராக ஒன்று கிடைத்திருக்கிறது, அதுவும் என் துறையிலிருந்தே. சார்லஸ் பாபேஜின் கணிப்பொறி அன்றைய இயந்திரங்களால் அவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியாததால் நின்றது என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஆனால் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் கணித அட்டவணைகளைக் கணக்கிட அவர் வரைந்த இரண்டாவது வித்தியாசப் பொறியை, 19-ஆம் நூற்றாண்டில் எட்டக்கூடிய துல்லியத்துக்குள்ளேயே உறுப்புகளைச் செய்து 1991-ல் ஓட்டிக் காட்டினார்கள். பிழையின்றிக் கணக்குப் போட்டது. அப்படியானால் கருவி தயாராகத்தானே இருந்தது? எண்ணமும் இருந்தது. இருந்தும் அது பிறக்கவில்லையே?

பட்டறை வாத்தியார் எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பாபேஜுக்கு உறுப்புகள் செய்தவர் ஜோசப் கிளெமென்ட், அவரும் மாட்ஸ்லி பட்டறையில் இருந்தவர். முதல் பொறி 1833-ல் நின்றதற்குக் காரணம் கைத்திறக் குறை இல்லை. செலவு எல்லை மீறியது, கூலி விஷயத்தில் இருவருக்கும் மனக்கசப்பு, அரசாங்கமும் சலித்துப்போனது. ஒரே மாதிரி உறுப்புகளை ஆயிரக்கணக்கில் மலிவாகச் செய்யும் வழி அன்று இல்லை. ஒவ்வொன்றும் தேர்ந்த கையின் நேரத்தைத் தின்றது. ஒன்றைச் செய்ய முடிவதும், கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடிவதும் வேறு வேறு.

கணபதிக் கடைசல் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். 'இயந்திரம் வந்தால் போதும்' என்ற தொனியில் எழுதிவிட்டேன், போதாதுதான். வில்கின்சனுக்குப் பீரங்கி விற்ற பணமும் ஆலையும் கையில் இருந்தன, வாட்டுக்குப் போல்டன் இருந்தார். பாபேஜுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.

அந்தப் பம்ப் உறை என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். வாத்தியார் ஐயா சொன்ன வில்கின்சன் தண்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பையனும் நானுமாகப் பழைய லேத்தில் இறங்கினோம். டூல் போஸ்ட்டைக் கழற்றிவிட்டு, உறையை, லேத் படுகையில் நகரும் கேரேஜ் மேல் அடித்துண்டு வைத்து இறுக்கினோம். தடித்த பார் ஒன்றின் நடுவே துளையிட்டு டூல் பிட்டைச் செருகினோம். பாரின் ஒரு முனையைச் சுழலும் பிடியான சக்கில் இறுக்கி, மறுமுனையை லேத்தின் எதிர்க்கோடியில் இருக்கும் டெயில் ஸ்டாக் சென்டரில் தாங்கவைத்தோம். பார் சுழல, உறை நகர்ந்தது. பாதிநாள் செட்டிங்குக்கே போய்விட்டது. இது இரண்டாவது உறை, அதே வார்ப்பு, அதே கோணல்.

முதல் வெட்டில் முனகல் இருந்தது, முன்னைவிட மெல்லியதாக. ஆழத்தை மாற்றாமல் மூன்று முறை ஓட்டினோம். மூன்றாவது முறை சுருள் வரவில்லை, வெறும் தூள். டயல் கேஜைப் பையன் கையிலேயே கொடுத்தேன். முள் 0.015-க்குள் நின்றது. அவன் நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான்.

ஐயா, ஒரு சந்தேகம் மட்டும்: இரண்டு வாய்ப்பக்கமும் சரியாக இருக்க, நடுவில் மட்டும் முள் 0.01 விலகிக் காட்டுகிறது. லேத் படுகை நடுவில் தேய்ந்திருப்பதால் கேரேஜ் இறங்குகிறதா, அல்லது உறையை இறுக்கியபோது சுவர் உள்வாங்கி, கழற்றியதும் விரிந்துவிட்டதா? இறுக்கிய நிலையிலேயே அளந்து வைக்காமல் விட்டுவிட்டேன். நாளை மூன்றாவது உறையை ஏற்றுகிறேன்.

பட்டறை வாத்தியார் எழுதியது:

கழற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். உறை மேல் சாக்பீஸால் குறியிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் படுகையைப் பார்ப்போம். எந்த இடத்தில் வழக்கமாகச் சிறு வேலைகள் செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், தேய்மானம் அங்கேதான் இருக்கும்.